பின்சக்கரத்தின் மேல் நாங்கள் இருவர்

கல்யாணமாகிப் பதினேழாம் நாள் காலையில் அவர் என்னை முதன்முதலாகத் தன் வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்து வேலைக்கு அழைத்துப் போனார். திருமுல்கேரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அமீர்பேட்டில் நான் பாடம் எடுத்த இடம்வரை பன்னிரண்டு வேகத்தடைகள். அவற்றில் ஏழு கன்டோன்மென்ட்டுக்குள்ளேயே இருந்தன. ராணுவத்துக்காரர்கள் எதைச் செய்தாலும் உறுதியாகச் செய்வார்கள், வேகத்தடையையும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பின்சக்கரம் இறங்கும்போது எனக்குக் கீழே இரும்போடு இரும்பு ‘டங்’கென்று முட்டியது. அந்த அடி முதுகெலும்பு வழியாக ஏறி மேல்வரிசைப் பற்களில் வந்து நின்றது. பேகம்பேட்டைத் தாண்டும்போது என் பைக்குள் டிபன் பாக்ஸ் திறந்துகொண்டு, அன்றைய எலுமிச்சை சாதம் மாணவர்களின் விடைத்தாள்களோடு கலந்துவிட்டது.

இறங்கியதும் அவர் கேட்டார், “சௌகரியமா இருந்துச்சா?”

ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். கல்யாணமாகிப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. வேறென்ன சொல்வது?

அவர் கோவில்பட்டிப் பக்கம். மாதாபூரில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் ஹைதராபாத் வந்து, அவற்றில் ஒன்றில் நாலாவது மாடியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். வந்த இரண்டாம் வருடம் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி. தாழ்ந்த சீட்டு, அகன்ற ஹேண்டில்பார், பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு சின்ன முதுகுத்தாங்கி. அதில் ஹம்பி போயிருக்கிறார், பீதர் போயிருக்கிறார், ஸ்ரீசைலம் மூன்று முறை. எல்லாம் தனியாக. பின்சீட்டில் அதுவரை ஒரு துணிமூட்டையைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போன இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் திருமுல்கேரியிலேயே பிறந்தவள். அப்பா பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பூர்வீகம் வேலூர்ப் பக்கம் என்றாலும் என் தமிழில் பாதி தெலுங்கு, கால்வாசி தக்கனி உருது. வேண்டாம் என்பதற்கு நான் பேச்சுவாக்கில் ‘நக்கோ’ என்றால் அவர் சிரிப்பார். அவர் ‘அங்கன வையி’ என்றால் நான் எங்கே என்று தேடுவேன். போதாததற்கு என்னை ‘நீங்க’ என்று வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் அவரை ‘நீங்க’ என்றேன். ஒரே குடித்தனத்தில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தோம். குடித்தனத்தை ஒழுங்குபண்ணித் தருவதற்காக என் மாமியார் ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் எங்களோடு தங்கியிருந்தார்.

அமீர்பேட்டில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கற்றுக்கொடுத்தேன். எங்கே தப்பு, எப்போது வருகிறது, எத்தனை தடவை வருகிறது, அதைத் திரும்ப வரவழைக்க முடியுமா என்று கேட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் என் தொழில். அதனால் இரண்டாம் நாள் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கெடுத்தேன். பன்னிரண்டில் பதினொன்றில் முட்டியது. மூன்றாம் நாள் பன்னிரண்டிலும் முட்டியது. அவர் தனியாகப் போய்வந்த நாட்களில் முட்டியதா என்று சாதாரணமாக விசாரிப்பதுபோல் கேட்டேன். முட்டவே முட்டாது, மெத்தையில் போவதுபோல் இருக்கும் என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆக, தப்பு நான்தான். பின்சீட்டில் புதிதாகச் சேர்ந்தது நான் ஒருத்திதானே.

சனிக்கிழமை லால் பஜார் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். ஐம்பது வயதிருக்கும், ஒரு பழைய பேட்டரிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார். அது ஒருமுறை மேலே வந்து அடங்கி நின்றது. ஷாக்கப் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் படியிலேயே நிற்கிறது என்று உருதுவில் சொல்லி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாக்கப், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தடித்த ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தின் விளிம்பில் மாடிப்படிபோல ஐந்து படிகள் வெட்டியிருந்தார்கள். கொக்கிபோன்ற ஸ்பேனரை மாட்டி வளையத்தைத் திருப்பினால் அது ஒவ்வொரு படியாக மேலேறும், ஸ்பிரிங் அந்த அளவு இறுகும். தனியாகப் போகிறவருக்கு முதல் படி போதும். இரண்டு பேர் என்றால் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்பது ஆளைப் பொறுத்தது.

அப்போதுதான் மெக்கானிக் அந்தக் கேள்வியை என் கணவரிடம் கேட்டார். “மேடம் கா வஜன் கித்னா?”

மேடத்தின் எடை எவ்வளவு. என் கணவருக்கு அந்த ஊரில் மூன்று வருடத்தில் கடைக்காரரோடு சண்டை போடும் அளவுக்கு ஹிந்தி வந்திருந்தது. அந்த நிமிடம் ஒரு வார்த்தையும் புரியாதவர்போல் எதிரே இருந்த வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தார். காது மட்டும் சிவந்தது. நானே முன்வந்து ஐம்பது என்றேன். எனக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் ஐம்பது கிலோ இருந்தது பன்னிரண்டாம் வகுப்பில். மெக்கானிக் அவர் பக்கம் திரும்ப, அவருக்கு ஹிந்தி திரும்பி வந்தது. தன் எடை அறுபத்தெட்டு என்றார்.

மெக்கானிக் என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சரி என்பதற்கு “ஹவ்” என்று மட்டும் சொல்லி இரண்டு வளையங்களையும் மூன்றாவது படிக்குத் திருப்பிவிட்டார்.

திங்கட்கிழமை சின்ன வேகத்தடைகளில் சத்தமே இல்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். ராணுவத்தார் கட்டியவற்றில் மட்டும் இன்னும் முட்டியது. முன்னைவிட மெதுவாக, ஆனால் முட்டியது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேகத்தடைக்குப் பத்தடி முன்னால் “எந்திங்க” என்பார். இரண்டு பேரும் கால்வைக்கும் கம்பியில் ஊன்றிக் குதிரைக்காரர்கள்போல ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். நான் அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். வண்டி மட்டும் தடையை ஏறி இறங்கும், நாங்கள் காற்றில் நின்றபடி கடப்போம். பிறகு உட்காருவோம். இரண்டாம் நாளே எங்களுக்கு அது பழகி, சொல்லாமலேயே சேர்ந்து எழவும் சேர்ந்து உட்காரவும் வந்துவிட்டது. அமீர்பேட் திருப்பத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் மாணவர்கள் நாற்பது பேர் இதைப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

வீட்டில் நான் ரகசியமாகச் சாப்பாட்டைக் குறைத்தேன். மூன்று தோசையில் ஒன்றைத் தள்ளிவைத்தேன். அதிசயமாக அவரும் தள்ளிவைத்தார். எனக்குப் பசியில்லை என்றால் அவர் தனக்கும் பசியில்லை என்பார். ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பேரும் மோர் குடித்துவிட்டு எழுந்தோம். மாமியாருக்கு இது பெரிய கவலையாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமானதுகள் ஏன் இப்படி வயிற்றைக் காயப்போடுகின்றன என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம், அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் பொருட்படுத்தாமல், சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியத்தைத் தானே தொடங்கினார். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், எண்ணெய் மிதக்கிற மிளகாய்ப்பொடி, நெய் விட்ட பருப்பு. மூன்றாம் நாள் நான் தோற்றேன். எனக்கு எதிரே அவர் ஏற்கெனவே தோற்று, நாலாவது கரண்டிச் சோற்றைக் குழம்பில் பிசைந்துகொண்டிருந்தார்.

மூன்று வாரம் முடிந்து மாமியார் ஊருக்குக் கிளம்பினார். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனோம். ரயில் ஒரு மணிநேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தால், எதிரே எடை பார்க்கும் இயந்திரம். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன, உள்ளே ஒரு வட்டத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. என் மாமியாருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஸ்டேஷனில் பார்த்தாலும் அவர் அதில் ஏறாமல் போகமாட்டாராம். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டார். விளக்குகள் வேகம் பிடித்து ஓடின, உள்ளே ஏதோ இடறி விழும் சத்தம் கேட்டது, ஒரு சின்ன அட்டை வந்து விழுந்தது. ஐம்பத்தைந்து. பின்பக்கம் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்த ஜோசியத்தை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். பயணத்தால் நன்மை உண்டாகும் என்று போட்டிருந்தது. ரயில் வரப்போகிற நேரத்தில் இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும் என்று அட்டையைப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“நீயும் ஏறுல.”

அவர் வேண்டாமென்றார். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்றார். மாமியார் அவர் முதுகில் கைவைத்து, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளையைத் தள்ளுவதுபோல் தள்ளி ஏற்றிவிட்டு நாணயத்தையும் போட்டார். அட்டை விழுந்தது. அவர் குனிவதற்குள் நான் எடுத்துவிட்டேன்.

எண்பத்தொன்று.

எனக்கு முதலில் புரியவில்லை. இயந்திரம் பழுது என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு அனுப்பிய விவரக் குறிப்பில் உயரம், நிறம், நட்சத்திரம் எல்லாவற்றுக்கும் கீழே எடை அறுபத்தெட்டு என்று எழுதியிருந்தது. மெக்கானிக்கிடமும் அதையே சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் பிளாட்பாரத்தின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அறுபத்தெட்டுன்னு சொன்னீங்க.”

“அது... வேலைக்குச் சேந்தப்பம் இருந்தது,” என்றார்.

மாமியாரின் குழம்பிடம் தோற்கும்வரை ஒவ்வொரு தோசையாகத் தள்ளிவைத்தது எனக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு வேகத்தடைகளிலும் நான் என்னையே நொந்துகொண்டது நினைவு வந்தது. அட்டையை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, தப்பு பின்சீட்டில் இல்லை, முன்சீட்டில் இருந்திருக்கிறது என்று பெரிதாகச் சொல்லத் தொடங்கினேன். சுற்றி நின்ற இரண்டு போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வெற்றி அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. மாமியார் அடுத்த நாணயத்தை எடுத்துவிட்டார்.

“நீயும் ஏறு தாயி.”

ஏறினேன். வேறு வழியில்லை. விளக்குகள் ஓடின. இந்தத் தடவை அட்டையை அவர் எடுத்தார். வாய்விட்டுப் படித்தார், “ஐம்பத்தொம்பது.” ஒரு கணம் நிறுத்தி, “நீ ஐம்பதுன்னு சொன்ன,” என்றார்.

அப்போதுதான் அவர் என்னை முதன்முதலாக ‘நீ’ என்றார். அதை இருவருமே கவனித்தோம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அவருக்கும் வந்தது. நிறுத்த முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் முகத்தைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தோம். பெட்டியின்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. சொன்ன கணக்கு நூற்றுப்பதினெட்டு, உண்மைக் கணக்கு நூற்றுநாற்பது. இத்தனை நாளும் எங்களுக்கு நடுவே இருபத்திரண்டு கிலோவில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறோம் என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். மாமியாருக்கு ஷாக்கப் விஷயம் எதுவும் தெரியாது. விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணுபோல பொய் சொல்லுதிய. பொருத்தம் சரியாத்தான் பாத்துருக்கோம்,” என்றார்.

ரயில் கிளம்பி, ஜன்னலில் அவர் கை மறைந்த பிறகும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்கிடம் போய் உண்மையான எடையைச் சொல்ல இருவருக்குமே தைரியமில்லை. நாமே செய்துவிடுவோம் என்று நான் சொன்னேன். சீட்டுக்கு அடியில் சின்ன ரெக்ஸின் பையில் அந்தக் கொக்கி ஸ்பேனர் வாங்கியபடியே இருந்தது. வண்டியை நடுஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தினோம். வலப்பக்கம் எனக்கு, இடப்பக்கம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். நான் தரையில் உட்கார்ந்து கொக்கியை வளையத்தில் மாட்டி இழுத்தேன். அசையவில்லை. இரண்டு காலையும் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். ‘டக்’கென்று வளையம் ஒரு படி ஏறி உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. இன்னொரு படி ஏற்றிவிட்டு, திரும்ப ஒரு படி இறக்கினேன், அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே. நாலாவது படியில் நிறுத்திவிட்டு ஸ்பேனரை அந்தப் பக்கம் நீட்டி, நாலில் வைக்கச் சொன்னேன். அவரும் முக்கி முனகி, கைமுட்டியில் தோலை உரித்துக்கொண்டு, நாலு என்று அறிவித்தார்.

சோதிக்கக் கிளம்பினோம். கன்டோன்மென்ட்டில் ஒரு ராணுவ வளாகத்தின் வாசலுக்கு எதிரே இருந்ததுதான் பன்னிரண்டிலும் மோசமான வேகத்தடை. அதன்மேல் உட்கார்ந்தபடியே ஏறி இறங்கினோம். சத்தம் இல்லை. ஆனால் வண்டி இறங்கும்போது இடுப்பை ஒடித்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. திரும்பி வந்து மறுபடி ஏறினோம். மறுபடி இடுப்பொடிந்தது. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறாவது தடவை வாசலில் காவல் நின்ற சிப்பாய் எங்களைப் பார்த்துக் கையை நீட்டி நிறுத்தினார்.

ராணுவ வாசல் முன்னால் ஒரே இடத்தில் ஆறு முறை போய்வந்தால் என்ன நினைப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. சிப்பாய் கண்டிப்பான ஹிந்தியில் என்ன விஷயம் என்று கேட்டார். என் கணவருக்கு ஹிந்தி மறுபடி மறந்துவிட்டது. நான் முன்சாய்ந்து அவர் காதில், “உண்மையைச் சொல்லிடலாம், நம்ம எடையைக் கேட்டாலும் சொல்லிடலாம்,” என்றேன். சிப்பாயின் புருவம் உயர்ந்தது.

“தமிழா?” என்றார். குடியாத்தம் பக்கமாம். என் அப்பாவின் ஊருக்கு எட்டிய தூரம்தான். முகத்தில் இருந்த கண்டிப்பு கொஞ்சம் இளகியது, நின்ற விறைப்பு மட்டும் மாறவில்லை. நான் ஷாக்கப், படி, வேகத்தடை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டவர், முன்பக்கம் பார்த்த பார்வை மாறாமலே, வாயை அதிகம் திறக்காமல் சொன்னார்.

“நானும் ஆறு தபா பாத்துட்டேங்க்கா. லெஃப்ட் சைடு மட்டும் எறங்கிகினே போவுது. ரெண்டு சைடும் ஒண்ணா இல்ல.”

இனிமேல் இந்த வாசலில் சுற்றக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

ரோட்டோரம் நிறுத்திக் குனிந்து பார்த்தோம். என் பக்கம் நாலாவது படி. அவர் பக்கம் இரண்டாவது. நாலு வைத்தேன் என்று அவர் சத்தியம் செய்தார். எங்கிருந்து எண்ணினார் என்று கேட்டேன். மேலிருந்து எண்ணியிருக்கிறார். நான் கீழிருந்து. இதைச் சொல்லிமுடித்ததும் எங்களுக்கு மறுபடி ஸ்டேஷனில் வந்த அதே வியாதி வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் வளையத்தில் மாட்டவே இல்லை. கடைசியில் நான் அவரை எழுப்பிவிட்டு, இடப்பக்கத்தையும் நானே நாலுக்கு ஏற்றினேன். திரும்பும் வழியில் மற்ற ஆறு ராணுவ வேகத்தடைகளையும் வரிசையாகக் கடந்தோம். ஏறினோம், மிதந்தோம், இறங்கினோம். டங் இல்லை. இடுப்பொடியவில்லை. பழக்கத்தில் நான் இரண்டு முறை எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அனந்தகிரி மலைக்குக் கிளம்பினோம். மழை ஓய்ந்த வாரம். செவெள்ளா ரோட்டில் இரண்டு பக்கமும் ஆலமரங்கள், மேலே கைகோத்துக்கொண்டு நின்றன. வேர்கள் தள்ளித் தள்ளி ரோடே அலையலையாகிக் கிடந்தது. அந்த அலைகளின்மேல் வண்டி போன விதத்தை எப்படிச் சொல்வது. முதுகுத்தாங்கியில் சாய்ந்துகொண்டு நான் இரண்டு கையையும் விரித்துவிட்டேன். ஒவ்வொரு மேட்டிலும் வயிற்றுக்குள் ஏதோ பறந்து எழும்பியது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து எதுவோ சொன்னார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதுவோ பதில் சொன்னேன்.

விகாராபாத் தாண்டி மலைப்பாதை தொடங்கும் இடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் கியர் ஸ்கூட்டரைத் திருமுல்கேரி முழுக்க ஓட்டியவள் நான். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்னால் இருந்த வளைவுகளைப் பார்த்தார். அந்தச் சாவியை அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. பிறகு எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். சீட்டு தாழ்வு என்பதால் என் கால் இரண்டும் நன்றாகத் தரையில் ஊன்றின. முதல் கியர் போட்டேன். இருநூறு அடி போயிருப்போம், ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம்.

டங்.

நிறுத்திவிட்டேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதே இரண்டு பேர், அதே நூற்றுநாற்பது கிலோ, அதே நாலாவது படி. காலையிலிருந்து எண்பது கிலோமீட்டரில் ஒருமுறைகூட முட்டாதது இப்போது ஏன் முட்டுகிறது? இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். வகுப்பில் மாணவர்களிடம் கேட்பதையே என்னிடம் கேட்டுக்கொண்டேன். கடைசியாக எது மாறியது? மாறியது ஒன்றே ஒன்றுதான், அது பின்சீட்டில் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காருகிறார், பாதிச் சுமை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்னால் உட்காருகிறவர் பின்சக்கரத்தின் நேர்மேலே. முன்பு அங்கே ஐம்பத்தொன்பது இருந்தது. இப்போது எண்பத்தொன்று. எனக்கு அது விளங்கிய சந்தோஷத்தில் ரோட்டிலேயே ஒரு குதி குதித்தேன்.

“அப்பம் என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“எறங்குங்க. அஞ்சுல வைக்கணும்.”

அதற்குமேல் படியில்லையே என்றார். அதனால்தான் அவரைவிடக் கனமான யாரையும் ஏற்றமுடியாது என்றேன். ஸ்டாண்டில் ஏற்றினோம். வலப்பக்கம் சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்ததால் என் துப்பட்டாவை நாலாக மடித்து அதன்மேல் போட்டார். நான் கொக்கியை மாட்டி இழுத்தேன், அவர் என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். டக். இடப்பக்கமும் அப்படியே. கீழிருந்துதான் எண்ணுகிறோம் என்று இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம். அஞ்சு. வழியே மாடுகளை ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று, நாங்கள் எண்ணி முடிக்கும்வரை பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அந்த மலையில் நான் ஓட்டினேன். மழையில் கழுவிய காடு, பச்சை வாசனை, வளைவுக்கு வளைவு ஈரமான ரோடு. பள்ளம் வந்தால் வண்டி ஒரு முறை குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டே இருந்தது. பின்னால் அவர் முதலில் கம்பியைப் பிடித்திருந்தார், பிறகு என் தோளை, பிறகு இரண்டு கையாலும் என்னையே. ஒவ்வொரு வளைவிலும் “பையப் போ, பையப் போ” என்றார். அந்த ‘போ’வில் இருந்த உரிமை எனக்குத் தலைக்கேறியது. எனக்கும் அன்றைக்கு ‘நீங்க’ தொலைந்தது. “நக்கோ, நீ பேசாம உக்காரு,” என்றேன். அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். சிரிப்பு என் முதுகில் குலுங்கியது.

மேலே ஒரு டீக்கடை. அங்கே நிறுத்துவது என்று கிளம்பும்போதே பேசியிருந்தோம். கொதிக்கிற பாலின் வாசனைகூட வந்தது. அவர் தோளைத் தட்டிக் காட்டினார். நான் பார்த்தேன், எண்ணெய்ச் சட்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாவையும் பார்த்தேன், ஆனால் கை ஆக்சிலேட்டரைவிட்டு வரவில்லை. தாண்டிப் போய்விட்டேன். அரைக் கிலோமீட்டர் போய் வளைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இந்தத் தடவையும் நிறுத்தவில்லை. அந்த அம்மா கரண்டியைத் தூக்கி எங்களுக்குக் கையாட்டினார். பின்னால் இருந்து அவர், தனக்குப் பசிக்கிறது என்று முறையிட்டார். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கத்திவிட்டு நான் மறுபடி மலையின் பக்கம் திருப்பினேன்.